கிணற்றடி மதில்

மூன்று வருடங்களுக்கு முன்பு, புங்குடுதீவு இறுப்பிட்டியில் நடந்தது இது. கத்தாரில் உழைத்துக் களைத்து யாழ்ப்பாணம் திரும்பியிருந்த நேரம். கையில் கொஞ்சம் காசு, தலையில் நிறைய யோசனை. தீவுப் பக்கம் ஆளில்லாமல் கிடக்கிற வீடுகளை மலிவாக வாங்கித் திருத்தி, வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு விற்றால் நல்ல லாபம் என்று யாரோ சொல்ல, அது என் தலைக்குள் குடிவந்துவிட்டது.

நான் வாங்கிய வீட்டின் சொந்தக்காரர்கள் பிரான்சில் இருந்தார்கள். பாதிக் கூரைதான் மிச்சம். குசினிச் சுவரில், அடுப்புக்கு மேலே, ஆலங்கன்று முளைத்திருந்தது. காசு போதாமல் மனைவியின் நகைகளையும் அடகு வைத்தேன். அவர் கழற்றித் தந்தபோது எப்ப திரும்பி வரும் என்று மட்டும் கேட்டார். வீடு விற்றவுடன் என்றேன். அதற்குப் பிறகு சீமெந்துப் பை ஒவ்வொன்றும் இறங்கும்போது எனக்கு அவருடைய வெறுங்கழுத்துதான் ஞாபகத்துக்கு வரும். சீமெந்தும் அந்த நாளில் தங்கம் மாதிரித்தான் விலை போனது.

கூரை போட்டோம், மாபிள் பதித்தோம், அறையோடு சேர்த்துக் குளியலறை கட்டினோம். கடைசியாக மிஞ்சியது வேலி. மூன்று பக்கமும் மதில் எழும்பிவிட்டது. கிணற்றடிப் பக்கம் மட்டும் பழைய பனையோலை வேலி. அதில் ஓர் ஆள் குனிந்து வரக்கூடிய இடைவெளி இருந்தது. நாங்கள் அதைப் பொட்டு என்போம்.

அந்தப் பொட்டால் வருகிறவர் பக்கத்து வீட்டுக்காரி. என்னைவிட இளையவர். கணவர் கடற்றொழில், இவர் மாடு வளர்க்கிறார். அவர்களுடைய கிணறு உவர், வாயில் வைக்க ஏலாது. தீவில் அப்படித்தான், வளவுக்கு வளவு தண்ணீர் மாறும். நான் வாங்கிய வீட்டில் ஆளில்லாத காலம் முழுக்க அவர் அங்குள்ள கிணற்றில்தான் குடிக்க அள்ளியிருக்கிறார்.

மேசன் அந்தப் பக்கம் அத்திவாரம் வெட்டுகிற நாளில் அவர் வாளியோடு வந்து நின்றார்.

"அண்ணை, பொட்டை அடைக்கப் போறியளோ?"

"ஓம். வாங்க வாறவை சுத்திவர மதில் இருக்கோ எண்டுதான் முதல் பாப்பினம். நீங்கள் முன் கேற்றாலை வந்து அள்ளுங்கோவன்."

"கேற் பூட்டிக் கிடந்தால்?"

நான் யாழ்ப்பாணப் பட்டினத்திலிருந்து போய்வருகிறவன். பாதி நாள் கேற் பூட்டித்தான் கிடக்கும். அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். நான் இருக்கிற நேரம் பார்த்து வாருங்கள் என்றேன். மேசன் வெட்டிய குழியை அவர் ஒருமுறை பார்த்தார்.

"சரி, உங்கட காணி" என்று சொல்லிவிட்டு, அன்றைக்கு அள்ளிய தண்ணீரைத் தூக்கிக்கொண்டு போனார்.

சண்டை வருமென்று பயந்திருந்தேன். வராததில் நிம்மதி. ஆளுயரத்துக்கு மேலே மதில் எழும்பியது. ஆவணி வெயிலில் பிரதேச சபைத் தண்ணீர் பவுசர் லொறி வந்து நிற்கிற சந்தியில் அவர் கானோடு வரிசையில் நிற்பதை, மோட்டார் சைக்கிளில் போகும்போது கண்டிருக்கிறேன். அவரும் என்னைக் கண்டிருப்பார். நான் நிறுத்தவில்லை.

வீடு விற்கவில்லை. வந்தவர்கள் எல்லோரும் மாபிளைப் பாராட்டிவிட்டு, யோசித்துச் சொல்கிறோம் என்று போனார்கள். உப்புக்காற்று சும்மா இருக்குமா? புது யன்னல் கம்பிகளில் கறள் பிடித்தது. மாரி மழைக்குப் பின்சுவரில் பெயின்ற் பொருக்கு விட்டது. விற்காத வீட்டை இரண்டாம் தரமும் திருத்தத் தொடங்கினேன். மனைவி நகையைப் பற்றிக் கேட்பதை நிறுத்தியிருந்தார். கேட்டுக்கொண்டிருந்தபோது இருந்ததைவிட அது பயமாக இருந்தது.

தை மாதம் கனடாவிலிருந்து ஒருவர் வந்தார். ஓய்வு பெற்றவர், பிறந்தது தீவில்தான். மாபிளை அவர் திரும்பியும் பார்க்கவில்லை. நேரே கிணற்றடிக்குப் போய் ஒரு வாளி அள்ளி வாயில் விட்டுப் பார்த்தார்.

"அருமையான தண்ணி ஐயா" என்றேன் நான்.

"மாரியிலை எல்லாக் கிணறும் அருமைதான் தம்பி. ஆவணியிலை எப்பிடி?"

"ஆவணியிலையும் இதேதான்."

சொன்னேனே தவிர, அந்தக் கிணற்றுத் தண்ணீரை நான் ஒருநாளும் வாயில் வைத்ததில்லை. தீவுத் தண்ணீர் உவர் என்று பட்டினத்திலிருந்தே போத்தலோடு போகிறவன் நான். விற்கிறவன் பேச்சை அவர் கணக்கில் எடுத்ததாகவும் தெரியவில்லை. செருப்பைக் கொழுவிக்கொண்டு, கேற்றைக் கடந்து, ஒழுங்கையால் சுற்றிப் பக்கத்து வீட்டுப் படலைக் கதவடிக்குப் போய்விட்டார். எங்கள் ஊரில் வீடு வாங்குகிறவர் அயலில் விசாரிக்காமல் வாங்க மாட்டார். அந்த நேரம் விற்கிறவர் கூடப் போகவும் கூடாது. நான் மதிலோடு ஒட்டி நின்றேன். நான் கட்டிய மதில் என்னை நன்றாகவே மறைத்தது.

"பிள்ளை, பக்கத்து வீட்டை வாங்கிற யோசினை. கிணறு எப்பிடி? கோடையிலை குடிக்கலாமோ?"

மதிலில் காதை வைத்தேன். உவர் என்று ஒரு சொல் போதும். கனடாக்காரர் போய்விடுவார், வீடு இன்னொரு மாரி நனையும், அடகு மூழ்கிப்போகும். சொல்லத்தான் போகிறார் என்று எனக்கு உறுதியாகத் தெரிந்தது.

"ஆவணியிலையும் நல்ல தண்ணி ஐயா. வத்தாது. என்ரை பிள்ளையள் அதைக் குடிச்சுத்தான் வளந்ததுகள்."

"இப்பவும் அங்கைதான் அள்ளுறனீங்களோ?"

"இல்லை. மதில் வந்திட்டுதெல்லே. பவுசர் வந்தால் பிடிக்கிறனாங்கள்."

"விக்கிறவர் ஆள் எப்பிடி?"

"வீட்டைக் கேட்டியள், சொன்னன். ஆளையும் சேத்தோ வாங்கப் போறியள்?"

கனடாக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது, முகமும் சுட்டது.

திரும்பி வந்து, வீடு பிடித்திருக்கிறது, விலையும் சம்மதம் என்றார். ஒரே ஒரு நிபந்தனைதான்: மதிலை உடைத்து, பொட்டு இருந்த இடத்தில் ஒரு சின்னப் படலை போட்டுத் தர வேண்டும். நான் முழித்ததைப் பார்த்து, கதிரையில் இருந்தபடி விளங்கப்படுத்தினார்.

"நான் வருசத்திலை பாதி நாள் இஞ்சை இருக்க மாட்டன். அள்ளாத கிணறு கெட்டுப்போம். வீட்டையும் ஒராள் எட்டிப் பாக்கோணும். உம்மடை மதில் கள்ளனுக்குத்தான் நல்ல மறைப்பு."

அதே மேசனைக் கூப்பிட்டேன். கட்டவும் கூலி வாங்கிய மனிதர் உடைக்கவும் கூலி வாங்கினார், சிரிக்காமல். படலை பூட்டிய அன்றே பக்கத்து வீட்டுக்காரி வாளியோடு வந்தார். நன்றி சொல்ல வேண்டும் என்று வார்த்தைகளை அடுக்கி வைத்திருந்தேன். அதற்குள் அவர் அள்ளி, முதல் தண்ணீரை என் பக்கம் நீட்டினார்.

"குடிச்சுப் பாருங்கோ அண்ணை. வித்த பிறகெண்டாலும் தெரியத்தானே வேணும்."

குடித்தேன். நல்ல தண்ணீர்தான்.

நகைகள் மனைவியின் கழுத்துக்குத் திரும்பிவிட்டன. வீடு திருத்தி விற்பதில் லாபம் வருமா என்று இப்போதும் பலர் கேட்கிறார்கள். வரும், கொஞ்சம் வரும், வாங்க முதல் அயலைப் போய்ப் பாருங்கள் என்கிறேன். ஆனால் என்னை விடாமல் இருப்பது வேறொரு கேள்வி. மதிலுக்குப் பின்னால் நின்றபோது, அவர் உவர் என்றுதான் சொல்லப்போகிறார் என்று எனக்கு எப்படி அவ்வளவு உறுதியாகத் தெரிந்தது என்று யோசித்தால், அவர் இடத்தில் நான் நின்றிருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பேன் என்கிற பதில்தான் இன்றைக்கும் வருகிறது.