நான்கு பேர் அறை

என் அத்தை ரோஹிணி மற்றவர்களுக்குக் கப்பல் தேர்ந்தெடுத்துக் கொடுப்பவர். மேற்குத் தாம்பரத்தில், ஸ்டேஷனிலிருந்து ஐந்து நிமிட நடையில் இருக்கும் ஒரு டிராவல்ஸில் இருபத்தோரு வருடமாக வேலை பார்க்கிறார். முதலில் ரயில், விமான டிக்கெட் போட்டார். பிறகு காசி, கயா டூர். இந்தப் பக்கத்துக் குடும்பங்கள் லீவுக்கு உல்லாசக் கப்பலில் போக ஆரம்பித்ததும், "கப்பல்னா ரோஹிணி மேடம்கிட்ட கேளுங்க" என்று முதலாளி பாட்சா சார் எல்லோரையும் அத்தையின் மேஜைக்கே அனுப்பிவிடுவார்.

அத்தை அப்பாவுக்கு அக்கா. கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று நான் கேட்டதில்லை, யாரும் சொன்னதுமில்லை. சிட்லபாக்கத்தில் எங்களோடுதான் இருந்தார். அப்பா பத்ரி, அம்மா மிருதுளா, நான், பத்தாவது எழுதிய தம்பி நகுல், அத்தை. ஐந்து பேர்.

பிளஸ் டூ பரீட்சை முடிந்த பிறகு எனக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. எந்தக் கல்லூரி என்றும் தெரியாது, எதற்காகப் போக வேண்டும் என்றும் தெரியாது. ஒரு நாள் அத்தை மறந்துவிட்டுப் போன மூக்குக்கண்ணாடியைக் கொடுக்கப் போனவள், மத்தியானம் வரை அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அன்றுதான் அத்தை வேலை செய்வதை முதல்முறையாகப் பார்த்தேன்.

பல்லாவரத்தில் தோல் பை வியாபாரம் செய்யும் மொஹ்சின் என்பவர் மனைவியோடும் இரண்டு பிள்ளைகளோடும் வந்திருந்தார். அத்தை அவரிடம் எதுவும் கேட்கவில்லை. பதினான்கு வயது இருக்கும் அவர் மகளிடம் திரும்பினார்.

"நீ சொல்லும்மா. தண்ணில குதிக்கணுமா, சும்மா படுத்துக்கிட்டுப் பாட்டு கேக்கணுமா?"

அந்தப் பெண் அப்பாவைப் பார்த்தாள்.

"அப்பாவைப் பாக்காதே. அவரு டிக்கெட் எடுக்கறவரு. போரடிச்சா மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கப்போறது நீதானே?"

மொஹ்சின் உரக்கச் சிரித்தார். "கரெக்டு மேடம். போன வருஷம் ஊட்டிக்குப் போயி மூணு நாளும் இவ மூஞ்சியைத்தான் சுத்திப் பாத்துட்டு வந்தோம்."

வயசுப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் கப்பலை அவர்கள்தான் சொல்ல வேண்டும் என்பது அத்தையின் வழக்கம். பெற்றவர்கள் தேர்ந்தெடுத்தால் திரும்பி வந்து குறை சொல்வார்கள். பிள்ளைகள் தேர்ந்தெடுத்தால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். கப்பல் முடிவான பிறகுதான் அறை எது என்று பார்ப்பார். எந்த அறைக்கு மேலே டான்ஸ் ஹால், எந்த அறைப் பக்கம் லிஃப்ட் சத்தம், தலைசுற்றுகிறவர்களுக்கு எந்தத் தளத்தில் நடுவாக எடுக்க வேண்டும், எல்லாம் அவருக்குத் தெரியும்.

"மேடம், நீங்க எத்தனை கப்பல்ல போயிருக்கீங்க?" என்று மொஹ்சினின் மனைவி கேட்டார்.

"எல்லாத்துலயும் போயிருக்கேன்மா. இந்தப் பேப்பர்ல" என்று கப்பலின் வரைபடத்தைத் தட்டிக் காட்டினார் அத்தை.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஏப்ரலில் ஒரு மாலை அத்தை செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றபடியே விஷயத்தைச் சொன்னார். நிறைய புக்கிங் கொடுத்ததற்காக ஒரு கப்பல் கம்பெனி அவர்கள் டிராவல்ஸுக்கு ஒரு குடும்ப அறையை இலவசமாகத் தந்திருக்கிறது. மே மாதம், சிங்கப்பூரிலிருந்து நான்கு நாள். பாட்சா சார் அதை அப்படியே அத்தையிடம் கொடுத்துவிட்டார். "நீங்க போகாம வேற யாரு மேடம் போறது?" என்றாராம்.

அப்பாவுக்கு ஆபீஸில் ஆடிட். லீவு கிடைக்காது என்றார். ஆக அத்தை, அம்மா, நான், நகுல். நான்கு பேர்.

அந்தக் கம்பெனியிடம் இரண்டு கப்பல்கள் இருந்தன. பெரியதில் மேல் தளத்திலிருந்து கடலைப் பார்த்தபடி சறுக்கி இறங்கும் தண்ணீர்ச் சறுக்கு, எங்கள் வயசுக்காரர்களுக்கென்று தனி ஹால். அறைகள் நான்கு பேருக்குமேல் கொள்ளாது. சின்னது பழைய கப்பல். ஒரு நீச்சல் குளம், ஒரு நூலகம், வயதானவர்கள் அதிகம். ஐந்து பேர் தங்கும் அறை அதில் உண்டு. அத்தை வரைபடங்களைச் சாப்பாட்டு மேஜையில் விரித்து, மொஹ்சின் மகளிடம் கேட்டதைப் போலவே எங்களிடமும் கேட்டார். நாங்கள் பெரிய கப்பல் என்றோம். அத்தைக்கும் சந்தோஷம்தான்.

அடுத்த வாரம் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் அத்தை ஒரு நீலத் தொப்பி வாங்கினார். "காலைல நீங்கல்லாம் தூங்கறப்ப நான் மேல் தளத்தை ஒரு சுத்து நடந்துட்டு வருவேன். யாரும் என்னைத் தேடக் கூடாது" என்றார். அத்தை தனக்கென்று ஒன்று கேட்டு நான் கேள்விப்பட்டது அதுதான் முதல் தடவை.

பிறகு ஒரு திங்கட்கிழமை இரவுச் சாப்பாட்டின்போது அப்பா சிரித்துக்கொண்டே, "எனக்கு லீவு கெடச்சிருச்சு" என்றார். கூட வேலை செய்பவர் தன் லீவை மாற்றிக்கொண்டாராம். அம்மாவின் முகம் மலர்ந்தது. "கல்யாணமாகி இருபது வருஷத்துல இப்பதான் நாம ஒண்ணா வெளிநாடு போறோம்!"

அத்தைதான் மெதுவாகச் சொன்னார். "ரூம் நாலு பேருக்குத்தான் பத்ரி."

"இன்னொரு ரூம் போட முடியாதாக்கா?"

"லீவு டைம்டா. ஒண்ணுகூட இல்ல. ஆனா சின்ன கப்பல்ல அஞ்சு பேர் ரூம் ஒண்ணு காலியா கெடக்கு. வெள்ளிக்கிழமைக்குள்ள சொன்னா மாத்திடலாம்." எங்கள் இருவரையும் பார்த்தார். "நீங்க என்ன சொல்றீங்க?"

"அத்தை, அது கப்பலா, மியூசியமா?" என்றான் நகுல்.

"டேய்!" என்று அம்மா அதட்டினாள். அதட்டும்போதே சிரித்துவிட்டாள். அப்பாவும் சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை. ஆனால் பேசவும் இல்லை. அந்தச் சறுக்கின் வீடியோவை என் தோழிகளுக்கு ஏற்கெனவே அனுப்பியிருந்தேன். அதை நினைத்துக்கொண்டு தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "சின்ன கப்பல்லயே போகலாம்" என்பது மூன்றே வார்த்தை.

எங்கள் வீட்டில் யாரையும் "நீ வர வேண்டாம்" என்று சொல்வதில்லை. அந்த ஆளே சொல்லும்வரை காத்திருப்போம். கல்யாணத்துக்குப் போகும் காரில் இடம் போதாவிட்டால் எல்லோரும் எதுவும் சொல்லாமல் நிற்போம். "நான் பஸ்ல வந்துடறேன்" என்று அத்தை சொல்வார். உடனே எல்லோரும் ஏறிக்கொள்வோம். எங்களை நல்லவர்கள் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருப்பதற்கு இந்தப் பழக்கம்தான் காரணம்.

செவ்வாய் காத்திருந்தோம். புதன்கிழமை அம்மா காய் நறுக்கிக்கொண்டே, "ஏன்க்கா, முட்டுக்காடு போட்லயே உங்களுக்குத் தலை சுத்திச்சு இல்ல? நாலு நாள் எப்படித் தாங்குவீங்கன்னு எனக்குப் பயமா இருக்கு" என்றாள். முட்டுக்காட்டில் தலைசுற்றியது அம்மாவுக்கு. அத்தை அதைத் திருத்தவில்லை.

வியாழக்கிழமை ஆபீஸிலிருந்து வந்ததும் அத்தை சொன்னார். "மே மாசம் ஆபீஸ்ல ரஷ் ஜாஸ்தி. நீங்க நாலு பேரும் போயிட்டு வாங்க."

"அடடா, அப்படியாக்கா?" என்றார் அப்பா. அந்த அடடா ஒரு நொடிகூடத் தாமதிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை அத்தையே தன் மேஜையில் உட்கார்ந்து தன் பெயரை எடுத்துவிட்டு அப்பாவின் பெயரைப் போட்டார். வேறு யாருக்கும் அங்கே அந்த வேலை தெரியாது.

கப்பல் நன்றாக இருந்தது. அதை மறைக்க மாட்டேன். சறுக்குக்கு முக்கால் மணி நேரம் வரிசையில் நின்று இருபது விநாடியில் கீழே வந்தேன். மறுபடி நின்றேன். நான்கு தடவை போனேன். மூன்றாம் நாள் சாப்பாட்டு மேஜையில் எதிரே உட்கார்ந்திருந்த கோயம்புத்தூர்க்காரர், எங்கள் வீட்டில் யார் யார் என்று கேட்டார். "நாங்க நாலு பேர்தான் சார், சின்ன ஃபேமிலி" என்றார் அப்பா. யோசித்துச் சொல்லவில்லை, இயல்பாகச் சொன்னார்.

திரும்பி வந்த அன்று அத்தை ஒரு நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு எங்களைக் கேட்டார். ஏசி சரியாக இருந்ததா, மேல் கட்டில் ஆடியதா, எங்கள் வயசுப் பிள்ளைகளுக்கு அந்த ஹால் பிடிக்கிறதா. அடுத்து வருகிறவர்களுக்குச் சொல்ல வேண்டுமே என்று எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். கடல் எப்படி இருந்தது என்று மட்டும் கேட்கவில்லை.

ஜூன் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசலில் ஒரு குட்டி யானை லோடு வண்டி வந்து நின்றது. ஒரு கட்டில், ஒரு பீரோ, இரண்டு பெட்டி. அதற்குள் அடங்கிவிட்டார் அத்தை. பொழிச்சலூரில் ஒரு மாடி அறை பார்த்திருக்கிறார் என்பதே எங்களுக்கு முதல் நாள்தான் தெரியும்.

"ஒரு கப்பலுக்காகவாக்கா?" என்றார் அப்பா. அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை.

"கப்பலுக்கு இல்லடா. சின்ன கப்பல்லயே போகலாம்னு ஒருத்தராவது சொல்வீங்கன்னு நெனச்சேன். மூணு நாள் நெனச்சேன்."

அத்தை குரலை உயர்த்தவில்லை. வண்டி டிரைவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

நான் ஒரு தடவை அங்கே போனேன். தலைக்கு மேலேயே விமானம் இறங்குகிற இடம். அத்தை டீ போட்டுக் கொடுத்தார். "காலேஜ் என்னாச்சு?" என்றார். நான், "அத்தை, அன்னிக்கு நான்…" என்று ஆரம்பித்தேன். ஒரு விமானம் இறங்கியது. ஜன்னல் அதிர்ந்தது. சத்தம் அடங்கியதும் அத்தை, "டீ ஆறிடப்போவுது, குடி" என்றார். எனக்கு மறுபடி ஆரம்பிக்கத் தைரியம் வரவில்லை.

உறவுக்காரர்கள் கேட்டால், "ஆபீஸுக்குப் பக்கமா இருக்குன்னு அக்கா வீடு மாத்திக்கிட்டாங்க" என்கிறார் அப்பா. சிட்லபாக்கத்தைவிடப் பொழிச்சலூர் தாம்பரத்துக்குத் தூரம். இந்தப் பக்கத்தில் இருக்கிற எல்லோருக்கும் அது தெரியும். யாரும் திருப்பிக் கேட்பதில்லை. போன வாரம் பெரியம்மா போன் செய்தபோது நான்தான் எடுத்தேன். "ஏன்டி சின்மயி, ரோஹிணி ஏன் தனியாப் போயிட்டா?" என்றார்.

"ஆபீஸுக்குப் பக்கம் பெரியம்மா" என்றேன் நான்.