வாசலில் நின்ற அப்பா

சத்தியமாக நடந்தது. நம்ப மனமில்லாதவர்கள் கொட்டாஞ்சேனைக்குப் போய் ஷபீகாவைக் கேட்டுப் பாருங்கள். அவள் இன்றைக்கும் ஐஸ் போட்ட தண்ணீரைத் தொடமாட்டாள்.

கொரோனா காலம். கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு கல்யாண மண்டபம். வாசலில் காய்ச்சல் பார்க்கும் துப்பாக்கியோடு ஷபீகா. ஒரு காய்ச்சல்காரர் உள்ளே போனாலும் சுகாதாரப் பரிசோதகர் வந்து கல்யாணத்தையே நிறுத்திவிடுவார். அதனால் அவளுக்கு எல்லார் மேலும் சந்தேகம். பனடோல் மாத்திரையை விழுங்கி, நெற்றியில் ஐஸ் தேய்த்து வருகிற கெட்டிக்காரர்களை அவள் பார்க்காததா!

முகூர்த்தம் நெருங்கியபோது ஒரு பெரியவர் வந்தார். முகக்கவசம். கசங்கிய வேட்டி. காலில் செருப்பில்லை.

"நான் பொம்பிளையின்ர அப்பா, பிள்ளை."

நெற்றிக்கு நேரே பிடித்து அழுத்தினாள். பீப்... 'லோ'.

சந்தனம் பூசிய நெற்றி என்றால் சூடு குறைத்துக் காட்டும். ஆனால் இவர் நெற்றியில் ஒரு பொட்டுச் சந்தனமும் இல்லை. பெண்ணின் அப்பாவாம்!

"கையக் காட்டுங்க அங்கிள்."

மணிக்கட்டில் ஊசி ஏற்றிய பிளாஸ்டர். அடேயப்பா, வார்டிலிருந்து தப்பி வந்திருக்கிறார்!

பீப்... மறுபடியும் 'லோ'.

பொருள்களின் சூட்டை அளக்கும் பொத்தானுக்கு மாற்றினாள்.

பீப்... 4 டிகிரி.

சுவரை அளந்தாள். 29. துப்பாக்கியில் பிழையில்லை. ஐஸ் வேலைதான்.

"உள்ளுக்கு விட ஏலாது அங்கிள்."

"தாலி கட்டுறதை மட்டும் பாத்திட்டுப் போறன்."

"ஏலாது."

அவர் கோபிக்கவில்லை. "அப்ப இஞ்சயே நிக்கிறன்."

நின்றார். கொளுத்தும் வெயில். வியர்வையே இல்லை.

முகக்கவசம்... மூச்சுக்கு அசையவில்லை.

கெட்டிமேளம்!

மண்டபத்துக்குள் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினாள்.

வாசலில் யாருமில்லை...

மறுநாள் சாமான் ஏற்ற வந்தான் பெண்ணின் அண்ணன் லவன். கண்கள் வீங்கியிருந்தன.

"உங்கட அப்பாக்கு என்ன வருத்தம்?" மெல்லக் கேட்டாள்.

"ஹார்ட். நேற்று விடியவே ஆஸ்பத்திரியில செத்திட்டார். செத்த வீட்டுத் துடக்கெண்டு கலியாணம் நிண்டிடும் எண்டு மாமா மறைச்சிட்டார். தாலி ஏறின பிறகுதான் எங்களுக்கே சொன்னவர்."

ஷபீகா வாசலைத் திரும்பிப் பார்த்தாள். "மையத்த... உடம்ப எங்க வச்சிருந்தாங்க?"

"விடியத்திலயிருந்து பிரேத அறை ஃபிரிட்ஜிலதான். கதவில நாலு டிகிரி எண்டு எரிஞ்சுது."

அவன் கண்ணைத் துடைத்தான்.

"தங்கச்சியைத்தான் சமாளிக்க ஏலாமக் கிடக்கு. தாலி கட்டேக்க அப்பாவைக் கண்டவளாம். ஏன் உள்ளுக்கு வராம வாசலிலயே நிண்டவர் எண்டு கேட்டுக் கேட்டு அழுறாள்."