மேலேயும் கீழேயும் ஒரே சாய்வு

ஊரில் பாதி வீடுகளின் மாடிப்படிக்குக் கைப்பிடி செய்து கொடுத்தவர் அவர். அதனால் பெயரே கைப்பிடிக்காரர் என்றாகிவிட்டது. பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் வேறு யாரையோ என்று நடந்துகொண்டே இருப்பார். அப்பேர்ப்பட்டவர் குடியிருந்த மாடி வீட்டின் படிக்குக் கைப்பிடி கிடையாது. ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் வெட்டவெளி. மனைவி கேட்கும்போதெல்லாம் "அடுத்த வாரம் முடிச்சிடலாம்" என்பார். அந்த வாரம் எந்தக் காலண்டரிலும் வரவில்லை.

வேலையில் மட்டும் மனிதர் கெட்டி. இரண்டு தகடுகளைத் திருகால் இணைத்த கோணமானி ஒன்று எப்போதும் அவர் சட்டைப்பையில் இருக்கும். அதை விரித்து, நிற்கும் தூணுக்கும் சாய்ந்து போகும் கைப்பிடிச் சட்டத்துக்கும் நடுவே வைத்துத் திருகை இறுக்கினால் தீர்ந்தது.

"ஒரு கோணம் கையில கிடைச்சா போதும்" என்பார். "கம்பியெல்லாம் நேரா நிக்குது, சட்டம் சாய்வா குறுக்க போகுது. முதல் கம்பியில என்ன கோணமோ அதேதான் கடைசிக் கம்பியிலயும். ஒரு பக்கம் குறுகினா மறுபக்கம் விரியும், ரெண்டையும் சேத்தா ஒரு நேர்கோடு. இதுல ஏமாத்த வழியே இல்ல."

மனிதர்களைவிடக் கோணங்களோடு அவருக்கு ஒத்துப்போனது. கோணங்கள் வாரா வாரம் 'எப்போ முடிப்பீங்க' என்று கேட்பதில்லை அல்லவா?

மழைக்காலத்தில் ஒரு காலை, மனைவி வழுக்கி அந்த வெட்டவெளிப் பக்கமாக விழுந்தாள். மணிக்கட்டு முறிந்தது. எலும்பு கூடியது, பயம் போகவில்லை. படியின் உச்சியில் நின்று கீழே பார்த்தாலே ஒரு படிகூட இறங்காமல் வீட்டுக்குள் திரும்பிவிடுவாள். தெருமுனைத் தையல்கடையில் துணி வெட்டுவதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. அந்த வேலை இப்போது அந்தரத்தில் தொங்கியது. கடைக்காரம்மா பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒரு சனிக்கிழமை கீழே நின்றபடியே குரல் கொடுத்தாள்.

"அக்கா, திங்கக்கிழமை வந்துட்டா உங்க மேஜை உங்களுக்குத்தான். இல்லன்னா வேற ஆள் வருது. என்னைத் தப்பா நினைச்சுக்காதீங்க."

மனைவி உள்ளே வந்தாள். "ஊருக்கெல்லாம் பிடிச்சு நடக்கக் கம்பி வச்சீங்க. எனக்குத்தான் ஒண்ணும் இல்ல" என்றாள். சண்டை போட்டிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை சொல்லியிருப்பார். அவள் சண்டை போடவில்லை. அவர் அப்போதே பட்டறைக்கு ஓடினார்.

கம்பி வெட்டுவதில் முக்கியமான விதி ஒன்று உண்டு. ஒரு முனையைச் சாய்வாக வெட்டிய பின், கம்பியைப் புரட்டாமல் அப்படியே தள்ளி மறுமுனையை வெட்ட வேண்டும். அப்போதுதான் இரு முனைகளும் ஒரே பக்கமாகச் சாய்ந்து, மேல்சட்டத்திலும் கீழ்ச்சட்டத்திலும் ஒட்டி உட்காரும். புரட்டிவிட்டால் ஒன்று இந்தப் பக்கம் சாயும், மற்றது அந்தப் பக்கம் சாயும். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் செய்யும் தப்பு இது. யாராவது செய்துவிட்டால் கைப்பிடிக்காரர் மாதக்கணக்கில் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். அன்று மனைவியின் சொல் மண்டைக்குள் குடைய, அத்தனை கம்பியையும் புரட்டிப் புரட்டி வெட்டித் தள்ளினார்.

ஞாயிற்றுக்கிழமை காலை மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாகத் தூண்களை நிறுத்தினார். நடுவே இரண்டு சட்டங்களையும் லேசாகப் பற்றவைத்துவிட்டு முதல் கம்பியைச் செருகினார். கீழே கச்சிதமாக உட்கார்ந்தது. மேலே ஆப்பு செருகுகிற அளவுக்கு இடைவெளி. அடுத்த கம்பியும் அப்படித்தான், அதற்கடுத்ததும். மனிதர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

"என்னாச்சுங்க?" மனைவி மாடி வாசலில் நின்று கேட்டாள்.

"புரட்டி வெட்டிட்டேன். எல்லாத்தையும்."

அவள் ஒரு கம்பியை வாங்கி இரு முனைகளையும் பார்த்தாள். சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. விழுந்த நாளிலிருந்து அவள் அப்படிச் சிரித்ததில்லை. "சட்டைக் கைக்கு நாங்க துணியைப் புரட்டிப் போட்டு வெட்டலன்னா ரெண்டும் வலது கையாயிடும். உங்களுக்குப் புரட்டினா தப்பா? நல்ல ஜோடிதான் நாம!"

"சிரி, சிரி. ஒரு முனையை மறுபடி வெட்டணும். கம்பி குட்டையாயிடும். அப்புறம் மேல்சட்டத்தை இறக்கணும். ரெண்டு தூண்லயும் அதே கோணம் நிக்கலன்னா கீழ்ச்சட்டத்தோட சேராது. மேல்சட்டத்தோட கீழ்முனையைப் பிடிக்க ஆள் வேணும். லீவு நாள்ல யாரைத் தேடுவேன்?"

அவள் கம்பியைத் திருப்பிக் கொடுத்தாள். அவர் வெட்டு மெஷினை எடுத்துக் கம்பிகளைத் திருத்தினார். பிறகு மேல்சட்டத்தின் கீழ்முனையைக் கழற்றிக் கயிற்றில் தொங்கவிட்டு, மேலே ஏறி மேல்முனையைப் பிரித்து இறக்கித் தோளில் தாங்கிக்கொண்டார். கயிறு நழுவியது. கீழ்முனை தூணை விட்டு விலகி, பக்கத்துச் சுவரை இடித்துக்கொண்டு ஆடியது.

"அசையாம இருங்க" என்றாள் மனைவி. அவர் சட்டைப்பையில் கோணம் இறுக்கி வைத்திருந்த கோணமானியை உருவிக்கொண்டாள். ஒரு உள்ளங்கையைச் சுவரில் பதித்தாள். கண் முழுக்க அந்த ஆடுகிற முனையிலேயே இருக்க, ஒரு படி இறங்கினாள். இன்னொரு படி. கைப்பிடிக்காரர் தோளிலிருந்த சட்டத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். 'பார்த்து' என்று சொன்னால் அவள் கீழே பார்த்துவிடுவாளே என்று பயந்தார்.

அவள் கீழே போய் முனையைத் தூக்கித் தூணோடு சேர்த்தாள். கோணமானியை வைத்துப் பார்த்தாள். "கொஞ்சம் இடைவெளி இருக்கு. இருங்க, நான்தான் ஏத்தணும். இப்ப ஒட்டிடுச்சு. மேல இருக்கிற கோணமேதாங்க இங்கயும்!"

அவர் மேல்முனையைப் பற்றவைத்தார். இறங்கி வந்து கீழ்முனையையும் பற்றவைத்தார். அதன் பிறகுதான் அவள் முனையை விட்டாள். காலுக்குக் கீழே தெரு மண்ணைப் பார்த்தாள், படியை அண்ணாந்து பார்த்தாள். முகம் வெளுத்தது, பிறகு சிவந்தது. இத்தனை வருடம் இவளைக் காக்கவைத்தோமே என்று அவருக்கு அவமானமாக இருந்தது. அழுகையும் வந்தது, மறைக்கவில்லை.

"அழுதுட்டு நிக்காதீங்க" என்றாள் அவள், தன் கண்ணைத் துடைத்துக்கொண்டே. "கடைக்காரம்மாகிட்ட நாளைக்கு வர்றேன்னு நேர்ல சொல்லிட்டு வந்துடுறேன். இறங்கினது என் பாடு. ஏறுறது உங்க பாடு. நான் திரும்பறதுக்குள்ள எல்லாக் கம்பியையும் பத்த வச்சிருக்கணும்."

அவள் தெருவில் இறங்கி நடந்தாள். கைப்பிடிக்காரர் முதல் கம்பியை எடுத்துச் செருகினார்.