அக்கா முடித்த வாக்கியங்கள்

தெருவில் அவளுக்கு வைத்திருந்த பெயர் முடிவுரை. வைத்தது யார் என்று தெரியாது. அது தன் காதுக்கு வந்த அன்று அவள் கோபப்படவில்லை. "பட்டப்பேருன்னா இப்படித்தான் மரியாதையா இருக்கணும்" என்று சொல்லிவிட்டு மெஷினை மிதிக்க ஆரம்பித்துவிட்டாள்.

நாற்பத்தேழு வயது. வீட்டின் முன்னறையில் தையல் மெஷின் போட்டு ஆல்டரேஷன் மட்டும் செய்கிறவள். பேண்ட் உயரம் குறைப்பாள், ஜிப் மாற்றுவாள், இடுப்பைப் பிரித்துத் தைப்பாள். புதுத்துணியைத் தொடமாட்டாள். அடுத்தவர் தைத்ததைத் திருத்துவதில்தான் அவளுக்கு ருசி.

அவள் பெயருக்குக் காரணம் அவளுடைய தம்பி. ஐந்து வயது இளையவன், ஒரு ஒலிப்பதிவு ஸ்டூடியோவில் கீபோர்டு வாசிக்கிறான், திக்குவாய். விரல்கள் எங்கும் தடுக்காது. வாய்தான் முதல் எழுத்திலேயே சேற்றில் மாட்டிய சக்கரம் மாதிரி நின்றுவிடும். "எ... எ..." என்று அவன் தொடங்குவான். "மெதுவா சொல்லுடா" என்பாள் அக்கா. சொல்லிவிட்டு, அவன் மெதுவாகச் சொல்வதற்குள் தானே வேகமாகச் சொல்லி முடித்துவிடுவாள். முடிவெட்டும் கடையில் காதோரம் எவ்வளவு எடுக்க வேண்டும் என்பதில் தொடங்கி, பாங்கில் எந்தப் படிவம் வேண்டும் என்பது வரை எல்லாம் அவள் வாயிலிருந்துதான் வரும். ஒரு தடவை வயிற்று வலி என்று போனபோது, எங்கே வலிக்கிறது, எப்படி வலிக்கிறது, எப்போது குறைகிறது என்று அக்காவே விவரித்ததைக் கேட்ட டாக்டர், "வலி உங்களுக்கா, அவருக்கா?" என்றார். அதையும் அவள் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டாள்.

அவன் எழுதிக் காட்டியிருக்கலாமே என்று தோன்றும். மாட்டான். ஒரே ஒரு முறை யாரோ காகிதத்தை நீட்டியபோது, "நா... நான் ஊ... ஊமை இல்ல" என்று சொல்லி முடிக்க அரை நிமிடம் எடுத்துக்கொண்டான். ரோஷக்காரன். அவனாக முடித்த அபூர்வமான வாக்கியங்களில் அது ஒன்று. அன்றைக்கு அக்கா பக்கத்தில் இல்லை.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வீட்டுக்குள் ஒரு நாள் காலை டாக் பாக்ஸ் என்ற ஒரு பெட்டி வந்து சேர்ந்தது.

வெளியூரிலிருந்து ஒரு இசையமைப்பாளர் அம்மா ஸ்டூடியோவுக்கு வந்திருந்தார். ஒரு வாஷிங் மெஷின் விளம்பரம். அதில் மெஷினே பாட வேண்டும். மனிதக் குரலாகவும் இருக்கக் கூடாது, வெறும் வாத்தியமாகவும் இருக்கக் கூடாது. அதற்குத்தான் இந்தப் பெட்டி. மூன்று வாரத்தில் பழகிவிட முடியுமா என்று அவர் கேட்டார். தம்பி வாய் திறக்காமல் தலையை மட்டும் ஆட்டினான். பக்கத்தில் அக்கா இல்லாததால் அந்த வேலை அவனுக்குக் கிடைத்தது.

அன்று மத்தியானம் திருத்திய துணியை வாங்க வந்தவரை அனுப்பிவிட்டு உள்ளே எட்டிப் பார்த்த அக்கா வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். தம்பி நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான். ஒரு நீளமான பிளாஸ்டிக் குழாய் தரையிலுள்ள பெட்டியிலிருந்து கிளம்பி அவன் வாய்க்குள் போகிறது. கடைவாயில் எச்சில் ஒழுகுகிறது.

"ஐயையோ, என்னடா ஆச்சு? என்ன குடிச்ச?"

ஓடிப்போய்க் குழாயைப் பிடுங்கினாள். குழாயிலிருந்து 'ங்ஙீ' என்று ஒரு சத்தம் அவள் முகத்தில் அடித்தது. அவன் விழுந்து விழுந்து சிரித்தான்.

விஷயம் இவ்வளவுதான். கீபோர்டின் ஓசை பெட்டிக்குள் இருக்கும் ஸ்பீக்கருக்குப் போகும். அங்கிருந்து குழாய் வழியாக வாய்க்குள் வரும். தொண்டை சும்மா இருக்க வேண்டும், துளிக் குரல் வரக் கூடாது. உதடும் நாக்கும் தாடையும் பேசுகிற மாதிரி அசைந்தால், வாய்க்குள் நிற்கும் ஓசை எழுத்துகளாக மாறி வெளியே வரும். எதிரே இருக்கும் மைக் அதைப் பிடித்துக்கொள்ளும்.

சொல்ல எளிது. முதல் நான்கு நாள் வெறும் 'வவ்வவ்' தான். பல்லெல்லாம் அதிர்ந்து சாப்பாட்டை மெல்ல முடியவில்லை. குழாயை நடுவாயில் வைத்தால் நாக்குக்கு இடமில்லை, கடைவாய்ப் பல்லோடு ஒட்டி வைக்க வேண்டும் என்று ஐந்தாம் நாள் கண்டுபிடித்தான். 'ப'வும் 'ம'வும் வந்தால் உதடு மூடி ஓசை செத்துப்போகிறது, அதனால் பட்டென்று மூடிப் பட்டென்று திறக்க வேண்டும். 'ச'வுக்கு ஓசை போதாது, கொஞ்சம் காற்றை ஊத வேண்டும். மைக்கைக் கூட்டி அறை ஸ்பீக்கரையும் திறந்து வைத்தால் வீடே அலறும், ஆகவே ஹெட்போன். தோளில் எப்போதும் ஒரு துண்டு. குழாயைத் தினமும் சோப்புத் தண்ணீரில் கழுவி ஜன்னல் கம்பியில் காயப்போடுவது அக்காவின் வேலையாகிவிட்டது. யாரும் கேட்கவில்லை, அவளாக எடுத்துக்கொண்டாள்.

பாட வேண்டிய வரி, "நீ சும்மா இரு, நான் பாத்துக்கிறேன்." அக்காவுக்கு அதில் ஏதும் வித்தியாசமாகப் படவில்லை. அவள் தினமும் சொல்லுகிற வாக்கியம்தானே.

இந்த வித்தையில் ஒரு சிக்கல் உண்டு. வாசிக்கிறவனுக்கு மண்டைக்குள்ளேயே ஓசை இரைவதால், தான் சொன்னது வெளியே எப்படிக் கேட்கிறது என்று தெரியாது. பதிவு செய்து இன்னொருவருக்குப் போட்டுக் காட்ட வேண்டும். அந்த இன்னொருவர் அக்கா.

ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கையில் இருக்கும் பேண்டைப் பிரித்தபடி கேட்டாள். "'நீ சும்மா இரு'ன்னு சுத்தமா கேக்குதுடா." அடுத்து ஒன்று போட்டான். "இன்னைக்கு திங்கக்கிழமை" என்று திருப்பிச் சொன்னாள். அடுத்தது. "சோறு ஆறிப்போச்சு." எல்லாம் சரி. அவன் முகம் மட்டும் மலரவில்லை. பிறகுதான் அவளுக்கு விளக்கினான், மூன்று நிமிடம் திக்கி. என்ன வரப்போகிறது என்று முன்கூட்டியே தெரிந்தால் காது தானாகவே இட்டு நிரப்பிக்கொள்ளும். அவள் பாதி கேட்கிறாள், மீதியை ஊகிக்கிறாள். உண்மையிலேயே எழுத்துகள் தெளிவாக இருக்கின்றனவா என்று தெரிய வேண்டுமானால், அவளால் ஊகிக்கவே முடியாத ஒன்றைச் சொல்ல வேண்டும்.

"நீ சொல்லி நான் ஊகிக்காததா? சொல்லேன் பார்ப்போம்" என்றாள் அக்கா, அலட்சியமாக.

அவன் குழாயைக் கடைவாயில் அடக்கினான். அவன் உதட்டைப் பார்க்காமலிருக்க அவள் முதுகைத் திருப்பி உட்கார்ந்தாள். பதிவு முடிந்தது. பொத்தானை அழுத்தினான்.

"எனக்கு டீயில சர்க்கரை நிறைய வேணும்."

உலோகக் குரல், மழமழவென்று, ஒரு இடத்திலும் தடுக்காமல் வந்தது. அக்கா கையிலிருந்த கத்தரிக்கோல் காலடியில் விழுந்தது. திக்கவில்லை! நாற்பத்திரண்டு வருடத்தில் தம்பி ஒரு முழு வாக்கியத்தை ஒரே மூச்சில் சொல்லி அவள் கேட்டதேயில்லை. தொண்டை வேலை செய்யாததாலா, வேறு எதனாலா, அவனுக்கே தெரியவில்லை. அவள் திரும்பி அவனைப் பார்த்தாள், அந்நியன் யாரோ வீட்டுக்குள் வந்துவிட்டதைப் போல.

"திரும்பப் போடு."

போட்டான். இந்த முறை அவள் காதில் வாக்கியத்தின் பொருள் விழுந்தது.

"சர்க்கரையா? உனக்குத்தான் சர்க்கரை கம்மியா இருந்தா பிடிக்குமே!"

அவன் இல்லை என்று தலையாட்டினான். ஊரெல்லாம், உறவெல்லாம், "தம்பிக்கு சர்க்கரை கம்மி" என்று முப்பது வருடமாக அவள் சொல்லி வைத்திருந்தாள். அவனும் குடித்திருக்கிறான்.

அடுத்தது. "எனக்கு நீலச் சட்டை பிடிக்காது." அலமாரியில் பதினொரு நீலச் சட்டைகள் தொங்கின.

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. "வேற என்னடா? எல்லாத்தையும் கொட்டு" என்றாள். அப்படிக் கேட்டிருக்க வேண்டாம்.

அவன் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்தான். பிறகு குழாயை வாயில் வைத்தான். பதிவு செய்யவில்லை, ஹெட்போனையும் கொடுக்கவில்லை. மைக்கின் இணைப்பை நேராக அறை ஸ்பீக்கருக்கு மாற்றி, ஓசையைக் குறைத்து வைத்து, அவளைப் பார்த்தே சொன்னான்.

"அக்கா. ஒன்பது வருஷத்துக்கு முன்னாடி பெரிய ஸ்டூடியோல இருந்து போன் வந்துச்சு. அன்னைக்கு நான் வர்றேன்னு சொல்ல வந்தேன்."

அந்தப் போன் அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. நிரந்தர வேலை, வெளியூர். போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தார்கள். "நா... நா..." என்று இவன் தொடங்கினான். "நான் இங்கயே இருந்துக்கிறேன்னு சொல்றான் சார். அவனுக்கு வெளியூர் ஒத்துக்காது" என்று அவள் முடித்தாள். அவன் எழுந்து போய் வெகு நேரம் கை கழுவினான். பயந்துபோயிருக்கிறான், நல்லவேளை நாம் இருந்தோம் என்று அன்று அவள் நினைத்துக்கொண்டாள்.

"அப்பவே சொல்றதுக்கென்ன!" என்று கத்தினாள். கத்திய பிறகுதான் அந்தக் கேள்வி எவ்வளவு அபத்தம் என்று உறைத்தது. அவன் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டான்.

இரண்டு நாள் அவளுக்கு ஒன்றும் ஓடவில்லை. ஒரு பேண்டை அளவு பார்க்காமலே மூன்று அங்குலம் வெட்டிவிட்டாள். வந்தவர் போட்டுப் பார்த்து, "என்னம்மா, கணுக்காலுக்கு மேல நிக்குது?" என்றார். "நீங்க எப்பவும் இவ்வளவுதானே எடுக்கச் சொல்லுவீங்க" என்றாள். "நான் வாயே திறக்கலையேம்மா" என்றார் அவர். இன்னும் எத்தனை பேர் வாக்கியத்தை நாம் வெட்டியிருக்கிறோமோ என்று நினைத்தபோது அவளுக்குப் பயமாகவே இருந்தது.

பதிவு நாளன்று அவள் துண்டையும் மாற்றுக் குழாயையும் பையில் எடுத்துக்கொண்டு வழக்கம்போல் கூடவே கிளம்பினாள். ஸ்டூடியோ இரண்டாம் மாடியில். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தம்பி, இந்தப் பக்கம் இசையமைப்பாளர் அம்மாவும் அக்காவும். குழாயை மைக் ஸ்டாண்டோடு டேப் சுற்றி ஒட்டியிருந்தான். முதல் ஆறு பதிவில் 'பாத்துக்கிறேன்' 'வாத்துக்கிறேன்' என்று விழுந்தது. ஏழாவதில் எச்சில் சத்தம். ஒன்பதாவதில் இசையமைப்பாளர் அம்மா நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டார்.

"நீ சும்மா இரு, நான் பாத்துக்கிறேன்."

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று அந்த வரியைக் கேட்ட அக்காவுக்கு முகம் சூடேறியது. இப்படித்தான் கேட்குமா, எதிரில் இருப்பவனுக்கு?

தம்பி வெளியே வந்தான், தாடையைத் தேய்த்துக்கொண்டே. இசையமைப்பாளர் அம்மா சுற்றி வளைக்கவில்லை.

"எங்க ஊர்ல எனக்கு இப்படி வாசிக்கிற ஆள் வேணும். ஒரு வேலை ரெண்டு வேலைக்கு இல்ல, நிரந்தரமா. வர்றீங்களா?"

"வ... வ..."

அக்காவின் நாக்கு நுனியில் வாக்கியம் தயாராக இருந்தது. அவனுக்கு வெளியூர் ஒத்துக்காது மேடம். நாற்பது வருடப் பழக்கம், வாய் பாதி திறந்தும்விட்டது. இசையமைப்பாளர் அம்மாவின் பார்வை அவள் பக்கம் திரும்பியது. எல்லோரும் அப்படித்தான், அவன் திக்கினால் மீதிக்கு அவளைப் பார்ப்பார்கள். அவள் துண்டை எடுத்து வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். தரையில் வயர்கள் ஓடின. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினாள். பதினான்கு வரை வந்தாள்.

"வ... வர்றேன்."

சொல்லிவிட்டான். அக்காவின் கண்ணில் நீர் முட்டியது, சந்தோஷமா வயிற்றெரிச்சலா என்று அவளுக்கே பிடிபடவில்லை. இசையமைப்பாளர் அம்மா சிரித்தபடி, "அக்காவும் கூட வருவாங்கதானே?" என்றார்.

அக்காவுக்கு உயிர் வந்தது. துண்டை வாயிலிருந்து எடுத்தாள். "பின்ன என்ன மேடம், நான்..."

"அ... அக்கா வர மாட்டாங்க" என்றான் தம்பி.

அவளுடைய வாக்கியம். பாதியில் இருந்தது. அதை அவன் முடித்து வைத்துவிட்டான்.

அவள் அதிர்ந்துபோய் அவனைப் பார்த்தாள். அவன் முகத்தில் குறும்பு இல்லை, கோபமும் இல்லை. அவனும் தான் செய்ததைக் கண்டு அதிர்ந்துபோய்தான் நின்றான்.

"அப்படியாம்மா?" என்று கேட்டார் இசையமைப்பாளர் அம்மா. "நீங்க சொல்லுங்க. உங்களுக்கு என்ன விருப்பம்?"

அக்கா வாயைத் திறந்தாள். வாஷிங் மெஷினின் விருப்பத்தைக்கூட யாரோ உட்கார்ந்து எழுதியிருக்கிறார்கள். அவளுடையதை இதுவரை ஒருவரும் கேட்டதில்லை, அவளும் தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை. முன்னறை, மெஷின், ஜன்னல் கம்பியில் காயும் குழாய் எல்லாம் மனதில் வந்து போயின. எதன் பின்னாலும் வாக்கியம் வரவில்லை.

"நான்... எனக்கு..."

நின்றுவிட்டது. இசையமைப்பாளர் அம்மா உதவிக்குத் தம்பியைப் பார்த்தார். தம்பி வாயை இறுக மூடிக்கொண்டு தலையை அசைத்தான். பிறகு அக்காவின் கையிலிருந்த ஈரத் துண்டை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டு, ஒரு நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் போட்டான்.

"மெ... மெதுவா சொல்லுக்கா" என்றான். சொல்லிவிட்டு, காத்திருந்தான்.