இருபத்தொன்பதாம் நோன்புக்கு முன் வரவேண்டிய போன்

அந்தப் போன் வெளியாகப்போகிற செய்தி எனக்குக் கிடைத்தபோது நான் கடையில் யாரோ ஒருவருடைய அடையாள அட்டையைப் போட்டோகொப்பி எடுத்துக்கொண்டிருந்தேன். மெஷின் சூடாகும் நேரத்தில் வீடியோ பார்ப்பது என் கெட்ட பழக்கம். இன்னும் சந்தைக்கு வராத ஒரு போனைப் பற்றி ஒருவர் மூச்சு வாங்கப் பேசிக்கொண்டிருந்தார். அதன் கமெராவால் நிலவில் உள்ள பள்ளங்களை ஒவ்வொன்றாக எண்ணலாம் என்றார். எனக்குக் கை ஓடவில்லை. அட்டையின் முன்பக்கத்தையே இரண்டு தரம் அடித்துக் கொடுத்துவிட்டேன். பின்பக்கம் எங்கே என்று வந்தவர் கேட்ட பிறகுதான் கல்முனைக்குடிக்குத் திரும்பி வந்தேன்.

நாற்பத்தெட்டு வயதுக்காரன் ஒரு போனுக்கு இப்படி அலைவதா என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். என் மனைவி வாய் நிறையச் சிரித்தாள். எனக்கு என் முகத்தைப் படம் எடுக்கிற ஆசையெல்லாம் இல்லை. அந்த முகத்தை நான் அறிவேன். எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். நோன்பு முடிந்து பெருநாள் வருவதைச் சொல்கிற தலைப்பிறையைக் காண வேண்டும்.

மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அதுவரை நான் ஒரு தடவைகூடத் தலைப்பிறையைக் கண்டதில்லை. ஆனால் ஒவ்வொரு வருடமும் கண்டதாகச் சொல்லியிருக்கிறேன். எங்களுக்குக் கடல் கிழக்கே இருக்கிறது, பிறை தெரிவதோ மேற்கே. ஆகவே இருபத்தொன்பதாம் நோன்பு பின்னேரம் கடலுக்கு முதுகைக் காட்டிவிட்டு, நாவிதன்வெளிக்குப் போகிற பாலத்தில் போய் நிற்போம். அங்கேதான் கூரைகள் முடிந்து வயல் தொடங்குகிறது. ஒரு கையில் ஈத்தம்பழம், மறு கையில் கஞ்சிப் போத்தல். பள்ளிவாசலில் தொழுகைக்கு வாங்கு சொன்னதும் நோன்பைத் திறந்துவிட்டு எல்லாரும் வானத்தைப் பார்ப்போம். யாராவது ஒருவர் கையை நீட்டுவார். பக்கத்தில் நிற்பவர் ஆமோதித்து ஓம் ஓம் என்பார். அந்த ஓம் ஒவ்வொருவராகக் கடந்து என்னிடம் வந்து சேரும். நான் கண்ணைச் சுருக்கிப் பார்ப்பேன். வானம் தெரியும், தென்னை தெரியும், கூட்டுக்குப் போகிற கொக்கு தெரியும். பிறை மட்டும் தெரியாது. கண் வைத்தியர் என் கண்ணில் ஒரு குறையும் இல்லை என்று இரண்டு தரம் சொல்லிவிட்டார். பெருநாள் சந்தோசத்தில் ஊரே குதித்துக்கொண்டிருக்கும்போது எனக்குத் தெரியவில்லை என்று எப்படிச் சொல்வது? "ஓம், கண்டன்" என்று சொல்லிப் பக்கத்தில் நிற்பவருக்குக் கடத்திவிடுவேன்.

அது யாருக்கும் நட்டமில்லாத பொய்யாக இருந்தது, நான் மரைக்கார் ஆகும்வரை. எங்கள் ஊரில் ஒவ்வொருவரும் தாய்வழியில் ஒரு குடியைச் சேர்ந்தவர்கள். ஒவ்வொரு குடியின் சார்பிலும் பள்ளிவாசல் காரியம் பார்க்க ஒருவர் இருப்பார், அவர்தான் மரைக்கார். அந்த வருடம் எங்கள் குடி மரைக்கார் முதுமையால் விலகியதும், கடை வைத்திருப்பவன், ஓடியாடக்கூடியவன் என்று என்னைப் பிடித்துப் போட்டுவிட்டார்கள். பதவி கிடைத்த அன்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன். அடுத்த நாள்தான் யோசனை வந்தது. இனி என் "கண்டன்" சும்மா காற்றில் போகாது. பள்ளிவாசல் செயலாளர் கொப்பியை விரித்து வைத்துக்கொண்டு கேட்பார். அல்லாஹ்வை முன்னிறுத்தி, என் கண்ணால் கண்டேன் என்று சொல்லிக் கையொப்பம் வைக்க வேண்டும். அந்தச் சாட்சி தொலைபேசியில், நாட்டுக்கே பிறை அறிவிக்கிற கொழும்புக் குழுவுக்குப் போகும். அதைக் கேட்டு நாடே நோன்பை விட்டுப் பெருநாள் எடுக்கக்கூடும்.

ஆகவே ஒரு திட்டம் போட்டேன். சாட்சிக்கு வெறுங்கண்ணால் காண்பதுதான் செல்லும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் பிறை வானத்தில் எந்த மூலையில் நிற்கிறது என்று போனால் பிடித்துவிட்டால், பிறகு அந்த இடத்தைக் கண்ணால் பார்த்துக் காண்பது எவ்வளவு நேரம்? மனைவியின் தம்பி கட்டாரில் வேலை செய்கிறார். போன் வெளியாகிற அன்றே கடைக்குப் போய் எனக்கு ஒன்று வாங்கி அனுப்ப வேண்டும் என்று அவரிடம் கேட்டேன். நான் சொன்ன காரணத்தை அவர் முழுதாகக் கேட்டார். பிறகு, "மச்சான், வேற யாருக்கிட்டயும் இதைச் சொல்லிப் போடாதீங்க" என்றார்.

அதன்பிறகு என் நிம்மதி போயிற்று. வெளியாகாத போனுக்கு இவ்வளவு செய்தி எங்கிருந்துதான் வருகிறதோ. ஒரு நாள், முன்னைய போனைவிட இருமடங்கு கிட்டத்தில் இழுத்துக் காட்டும் என்றார்கள். அன்றைக்கு நோன்புக் கஞ்சி எனக்கு இனித்தது. அடுத்த நாள், கமெராவின் கண்ணாடி வில்லையில் ஏதோ கோளாறாம், வெளியீடு தள்ளிப்போகுமாம் என்றார்கள். தள்ளினால் பெருநாளைக்குப் பிறகுதான் போன் வரும். அதை வைத்து நான் என்ன, மிஞ்சிய பெருநாள் வட்டிலப்பத்தையா படம் எடுப்பது? இரவில் தராவீஹ் தொழுது முடிந்து சலாம் கொடுத்த கையோடு மனம் போனுக்கு ஓடிவிடும். அதற்காகப் பாவமன்னிப்பும் கேட்டேன்.

எல்லாவற்றிலும் மோசமான சந்தேகம் ஒரு பெண்ணின் வீடியோவால் வந்தது. இந்தப் போன்கள் நிலவை உண்மையில் பிடிப்பதில்லை, வானத்தில் வெள்ளையாக எதையாவது கண்டால் இது நிலவாகத்தான் இருக்கும் என்று தாங்களே வரைந்துவிடுகின்றன என்றார் அவர். அதைக் கேட்டு எனக்குக் கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது. காணாததைக் கண்டேன் என்று சொல்கிற வேலையை இத்தனை வருடம் நான் தனியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது அதற்கும் மெஷின் வந்துவிட்டது.

ஒருவழியாகப் போன் வெளியாயிற்று. மருதமுனைக்காரர் ஒருவர் கட்டாரிலிருந்து விடுமுறையில் வரும்போது கொண்டுவந்தார். இருபத்தாறாம் நோன்பன்று கடையைப் பாதியில் பூட்டிவிட்டு அவருடைய வீட்டு வாசலில் போய் நின்றேன். பெட்டி கைக்கு வந்ததும் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். என் மகள் பிறந்தபோதுகூட நான் இவ்வளவு பதறவில்லை என்று மனைவி இன்றும் சொல்லிக்காட்டுகிறாள். அது உண்மையில்லை. ஆனால் முழுப் பொய்யும் இல்லை.

பரீட்சை பார்க்காமல் இதை நம்பக்கூடாது என்று அவள்தான் சொன்னாள். வெள்ளரிக்காயில் ஓர் ஓரத்தை மெல்லிசாகச் சீவி எடுத்தாள். பின்வளவில் உடுப்புக் காயும் கயிற்றில் தன் கறுப்பு அபாயாவைத் தொங்கவிட்டு, அந்தச் சீவலை அதில் ஊசியால் குத்தி வைத்தாள். நான் முன்வாசல் கதவடியில் நின்று, வீட்டுக்கு உள்ளாலே பின்வளவை நோக்கிக் கமெராவை இழுத்துப் படம் எடுத்தேன். திரையில் வெள்ளரிக்காய் இல்லை. மங்கிய பொன் நிறத்தில், ஓரத்தில் லேசான பள்ளங்களோடு, அழகான பிறை. அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நான் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். ஆனால் ஆசை அவ்வளவு லேசில் விடுமா? வெள்ளரிக்காய் வேறு, வானம் வேறு, இடத்தைக் காட்டினால் எனக்குப் போதும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

இருபத்தொன்பதாம் நோன்பு. பாலத்தில் முப்பது பேராவது நின்றார்கள். மேற்கே மெல்லிய முகில்கள், அவற்றுக்கு இடையில் சுத்தமான வானம். வாங்கு கேட்டது. ஈத்தம்பழத்தை வாயில் போட்டுக் கொட்டையைத் துப்பிவிட்டுப் போனைத் தூக்கினேன். சூரியன் இறங்கிய இடத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மேலே நகர்த்தினேன். திரையில் முகில், வெறும் வானம், மறுபடி முகில். நெஞ்சு அடித்த அடியில் படம் ஆடியது. பாலத்தின் கைப்பிடியில் முழங்கையை ஊன்றிக்கொண்டேன். அப்போது ஒரு வெளிச்சக் கோடு திரைக்குள் வந்தது. போன் ஒரு நொடி தடுமாறி அதைத் துலக்கிக் காட்டியது. பிறை.

நான் பேசாமல் கண்ணால் பார்த்திருக்க வேண்டும். திட்டமே அதுதானே. ஆனால் சந்தோசத்தில் வாய் முந்திக்கொண்டது. "இந்தா இரிக்கி" என்றேன். அவ்வளவுதான், முப்பது பேரும் என் தோளில் விழுந்தார்கள். போன் என் கையிலிருந்து அடுத்த கைக்கும், அதிலிருந்து அதற்கடுத்த கைக்கும் போயிற்று. ஒருவர் விரலால் இன்னும் பெரிதாக்கினார். சிலர் தங்கள் போன்களை எடுத்து என் போனின் திரையைப் படம்பிடித்து ஊரெல்லாம் அனுப்பினார்கள். வருடாவருடம் முதலில் கை நீட்டுகிற உழவு மெஷின்காரர்கூட, எனக்கும் காட்டுங்க என்று எட்டியெட்டிப் பார்த்தார். பெருநாள் வந்துவிட்டது என்று ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். நானும் யார் யாரையோ கட்டிப்பிடித்தேன்.

செயலாளர் கொப்பியோடு வந்து, கண்ணால் கண்டவர்கள் முன்னே வாருங்கள் என்றார். ஒருவரும் அசையவில்லை. உழவு மெஷின்காரரைக் கேட்டார். அவர் தலையைச் சொறிந்தார், தான் போனைத்தான் பார்த்துக்கொண்டு நின்றதாகச் சொன்னார். இன்னும் நாலைந்து பேரைக் கேட்டார். எல்லாரும் அதையேதான் சொன்னார்கள். அத்தனை பேர் பிறை பார்க்க வந்து நின்ற பாலத்தில் ஒருவராவது வானத்தைப் பார்த்திருக்கவில்லை. இப்போது பார்த்தால் அந்த இடத்தில் முகில் ஏறியிருந்தது.

யாரோ பின்னாலிருந்து, போன் வைத்திருந்த மரைக்கார் கண்டிருப்பார்தானே, அவரே எழுதட்டும் என்றார். எல்லாக் கண்களும் என்மேல் வந்தன. செயலாளர் பேனையைத் திறந்தார். ஒரு சொல் சொன்னால் போதும், எல்லாருக்கும் சந்தோசம். எத்தனையோ தரம் சொல்லிப் பழகிய சொல்தான். வாயைத் திறந்தேன், அது வரவில்லை.

"போன்தான் கண்டிச்சி. நான் காணல்ல" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அடைபட்டுக் கிடந்த தண்ணீருக்கு வழி திறந்த பிறகு யார் நிறுத்துவது? "போன வருசமும் காணல்ல. அதுக்கு முந்தின வருசமும் காணல்ல. ஒரு நாளும் கண்டதில்ல."

சிலர் சிரித்தார்கள். ஒருவர் அஸ்தஃபிருல்லாஹ் என்று பாவமன்னிப்புக் கேட்டார். செயலாளர் பேனையை மூடினார். அதற்குப் பிறகு என்னை யாரும் கவனிக்கவில்லை. போனில் தெரிந்தது உண்மைப் பிறையா, போன் வரைந்த பிறையா என்று பெரிய விவாதம் தொடங்கிவிட்டது. நான் வெறுங்கையோடு கைப்பிடியில் சாய்ந்து நின்றேன். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் நெஞ்சில் இருந்த பாரம் போய்விட்டது. பார்ப்பதற்கு வேறு ஒன்றும் இல்லாததால் வானத்தைப் பார்த்தேன்.

முகிலுக்குக் கீழே, வயல் ஓரத் தென்னைகளுக்குச் சற்று மேலே, ஒரு கீறல். கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தேன். போகவில்லை. நான் இத்தனை காலம் தேடியதைவிட எவ்வளவோ தாழ்வில், எவ்வளவோ மெல்லிசாக இருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. கலங்கினால் மறைந்துவிடுமே என்று அவசரமாகத் துடைத்தேன். "கண்டன்" என்றேன். விவாதத்தில் யாருக்கும் கேட்கவில்லை. செயலாளரின் கையைப் பிடித்து இழுத்து மறுபடி சொன்னேன்.

அவர் என்னைப் பார்த்தார், வானத்தைப் பார்க்கவில்லை. "இப்பதானே மரைக்கார், ஒரு நாளும் காணல்லண்டு சொன்னீங்க" என்றார், கோபமில்லாமல். நான் கையை நீட்டிக்கொண்டே நின்றேன். அவரும் மற்றவர்களும் ஒருவழியாகத் திரும்பியபோது தென்னை மட்டைகளும் இருட்டும்தான் இருந்தன. கொப்பியில் எங்கள் பாலத்திலிருந்து ஒரு வரியும் எழுதப்படவில்லை. கொஞ்ச நேரத்தில், வேறு ஊர்களில் பிறை தென்பட்டதாகவும் நாளை பெருநாள் என்றும் ரேடியோவில் அறிவித்தார்கள். பாலம் முழுக்க அல்லாஹு அக்பர் என்று தக்பீர் எழுந்தது.

யாரோ ஒருவரின் கையில் என் போன் மணியடித்தது. வாங்கிப் பார்த்தேன், மனைவி. பக்கத்து வீட்டுப் பெண்களோடு மேல்மாடியில் நின்று வருடாவருடம் அவளும் பிறை பார்ப்பாள். பாலத்தில் நடந்த எதுவும் அவளுக்கு இன்னும் தெரியாது. கண்டீங்களா என்று கேட்டாள். கண்டேன் என்றேன். போனிலா என்றாள். கண்ணால் என்றேன்.

"எப்படி இரிந்திச்சி?" என்றாள்.

தென்னைக்குக் கொஞ்சம் மேலே, ஒரு முடி கனத்தில், மல்லாந்து படுத்திருந்தது, இரண்டு முனையும் மேலே பார்த்துக்கொண்டு என்றேன்.

"ஓம், அதுதான்" என்றாள் அவள். "கல்யாணம் முடிச்ச நாளிலிருந்து நீங்க வந்து சொன்னதெல்லாம் நிமிந்து நிண்ட பிறை. நம்மட வானத்துல தலைப்பிறை நிமிந்து நிக்கிறல்ல. இண்டைக்குத்தான் கண்டிருக்கீங்க."

இத்தனை வருடமும் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. நான் போனைக் காதோடு வைத்துக்கொண்டு நின்றேன். வரும்போது தேங்காய் இரண்டு வாங்கி வரச் சொல்லிவிட்டு அவள் போனை வைத்தாள்.