அவர் முடித்துவிட்டு வரட்டும்

கதிர்காமநாதனுக்கு ஓவர்கோட் தைக்கக் கொடுத்த கிழமையில்தான் அருந்ததியையும் பேசி முடித்தார்கள். இரண்டும் லண்டன் பயணத்துக்கு அவசியமானவை என்று அவருடைய தாயார் சிவக்கொழுந்து நினைத்தார். ஒன்று குளிருக்கு, மற்றது வெள்ளைக்காரிகளுக்கு.

ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பத்தேழில் கொழும்புத் தமிழருக்கு இது புதினமில்லை. படிக்கக் கப்பலேறும் பொடியனுக்கு முதலில் கல்யாண எழுத்தை எழுதிவிடுவார்கள். பதிவுகாரர் வீட்டுக்கு வருவார், இருவரும் கையொப்பம் வைப்பார்கள், பலகாரம் சாப்பிட்டு ஒரு படம் எடுத்தால் அலுவல் முடிந்தது. தாலி, கூறை, மணவறை எல்லாம் அவன் பட்டத்தோடு வந்திறங்கிய பிறகு.

அந்தப் படம் அருந்ததியின் வெள்ளவத்தை வீட்டு முன்னறையில் வெகுகாலம் தொங்கியது. கதிர்காமநாதன் ஓவர்கோட்டைப் போட்டுக்கொண்டு நிற்கிறார். அதைப் போடாமல் படம் எடுக்கக்கூடாதென்று தாயார் பிடிவாதம். நெற்றி வியர்வை படத்திலும் மினுங்குகிறது. பக்கத்துக் கதிரையில் பதினெட்டு வயது அருந்ததி, பரீட்சை மறுமொழிக்குக் காத்திருக்கிறவளின் முகத்தோடு. உண்மையாகவே அவள் அன்று அதற்குத்தான் காத்திருந்தாள்.

கப்பலடியில் அவரோடு கதைத்தது நாலு வார்த்தை.

"அங்கை நல்லாக் குளிருமோ?"

"குளிருமாம். அதுக்குத்தானே இந்தக் கோதாரியைச் சுமக்கிறன்," என்று கோட்டைத் தட்டிக் காட்டிச் சிரித்தார். நல்ல சிரிப்பு. அது போதும் என்று அவளுக்குப் பட்டது. எஞ்சினியரிங் மூன்று வருடம். மூன்று வருடம் என்ன, கண்ணை மூடித் திறந்தால் போய்விடும்.

மறுமொழி வந்தது. லண்டன் மெட்ரிக்குலேஷனில் அருந்ததி முதலாம் பிரிவு. கணிதத்தில் அவள் படித்த கன்னியர் பள்ளிக்கூடத்தில் அதுவரை யாரும் எடுக்காத புள்ளி. தலைமைக் கன்னியாஸ்திரி அவளுடைய தகப்பன் சிவபாதசுந்தரத்தைக் கூப்பிட்டு, தேர்ஸ்டன் வீதி யூனிவர்சிட்டி கொலீஜில் பிள்ளைக்கு இடம் கிடைக்கும், கணிதம் படித்து லண்டன் பட்டத்தையே இங்கிருந்து எழுதலாம் என்றார். கேள்வித்தாள் கப்பலில் வரும், விடைத்தாள் கப்பலில் போகும், பிள்ளை மட்டும் வீட்டில் இருக்கும். ரயில்வே கந்தோர் கிளாக்கரான சிவபாதசுந்தரத்துக்கு இந்த ஏற்பாடு நிரம்பப் பிடித்துக்கொண்டது.

ஆனாலும் எழுத்து முடிந்த பெண் இனி ஒரு வீட்டுப் பிள்ளை இல்லையே. அடுத்த ஞாயிறு பூவன் வாழைப்பழச் சீப்பொன்றோடு கொட்டாஞ்சேனைச் சம்பந்தி வீட்டுக்குப் பஸ் ஏறினார். அருந்ததியும் கூடப் போனாள்.

சிவக்கொழுந்து பழத்தை வாங்கி வைத்துவிட்டு முழுவதையும் கேட்டார். கெட்ட மனுசி இல்லை. தாலியறுத்த பிறகு மெஷினில் சட்டை தைத்துத் தனி ஆளாய் மகனை வளர்த்தவர்.

"பிள்ளை படிக்கட்டும் அண்ணை. நான் வேண்டாம் எண்டு சொல்லேல்லை. ஆனால் அவன் அங்கை எழுதுறதும் லண்டன் சோதினை, இவள் இங்கை எழுதுறதும் அதே லண்டன் சோதினை எண்டுறியள். நாளைக்கு இவள் பாஸ் பண்ணி அவனுக்கு ஒண்டு பிந்தினால்? பெஞ்சாதி முந்திட்டாள் எண்டு இந்தச் சனம் அவனைச் சும்மா விடுமே? அவன் முடிச்சு வரட்டும். பேந்து அவனே கூட்டிக்கொண்டு போய்ச் சேர்ப்பான்."

"அதுவும் சரிதான் தங்கச்சி," என்றார் சிவபாதசுந்தரம். எவர் எதைச் சொன்னாலும் அதிலொரு நியாயத்தைக் கண்டுபிடித்துவிடும் மனுசர் அவர். திரும்பி வரும்போது பஸ்ஸில் மகளைப் பார்த்தார். "மூண்டு வருஷம்தானே பிள்ளை?"

"ஓம் அப்பா."

அவளுக்கும் அது அப்போது பெரிய விஷயமாகத் தெரியவில்லை.

மாதமொரு கடிதம் லண்டனுக்குப் போனது. மாமியின் மூச்சிழைப்பு, ஒழுங்கை முனையில் தண்ணீர் நின்றது, மாங்காய் ஊறுகாய் போட்டது எல்லாம் எழுதினாள். கேட்க நினைத்ததை மட்டும் எழுதவில்லை. நான் படிக்கட்டுமா என்று கேட்டால், நீங்கள் நேரத்துக்கு முடிக்கமாட்டீர்கள் என்று சொன்ன மாதிரி ஆகிவிடாதா? அவர் அங்கே குளிருக்குள் கிடந்து கஷ்டப்படுகிறார். அடுத்த மாதம் பார்க்கலாம் என்று விட்டாள். அப்படி விட்ட மாதங்கள் பல.

இரண்டு முறை இன்டர் சோதினையில் விழுந்த பிறகு, எஞ்சினியரிங் தனக்கு ஒத்துவரவில்லை, கொமேர்ஸுக்கு மாறிவிட்டேன் என்று கதிர்காமநாதன் எழுதினார். அதுவும் மூன்று வருடம். சிவபாதசுந்தரம் கடிதத்தைச் சத்தமாக வாசித்துக்கொண்டு வந்தவர் அந்த இடத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"கொமேர்ஸும் நல்ல படிப்புத்தான்," என்றார்.

கோயிலில் பெண்கள் கேட்டார்கள். "உன்ர மனுசன் எஞ்சினியராய் வாறாரோ?"

"இல்லை, கொமேர்ஸ்," என்றாள் அருந்ததி.

"அது எஞ்சினியரிலும் பெரிசோ?"

வீட்டு வாசலில் பாண்காரன் வேறு நாள்தோறும் ரொட்டிப் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, லண்டன் ஐயா வந்தாரா என்று சிங்களத்தில் கேட்பான்: "லண்டன் மாத்தயா ஆவத, நோனே?"

"தாம நே," என்பாள். இன்னும் இல்லை. பாணை வாங்கிக்கொண்டு உள்ளே போவாள். சிங்களத்தில் அவள் அதிகம் சொன்ன சொற்கள் அவைதான்.

பிறகு யுத்தம். கடிதங்கள் மூன்று மாதத்துக்கு ஒன்று, தணிக்கைக்காரன் கறுப்பு மை தடவியபடி வந்தன. அரிசிக்குக் கூப்பன் வந்தது. நாற்பத்திரண்டில் துறைமுகத்தில் ஜப்பான்காரன் குண்டு போட்டதும் கொட்டாஞ்சேனை வீட்டைப் பூட்டிவிட்டு, தையல் மெஷினைக் கைவண்டியில் ஏற்றிக்கொண்டு சிவக்கொழுந்து வெள்ளவத்தைக்கே வந்துவிட்டார். இரவில் இழுக்கும் இழைப்புக்குச் சுடுதண்ணீர் வைத்துக் கொடுப்பது அருந்ததியின் வேலையாயிற்று. மாமியும் மருமகளும் ஒட்டிக்கொண்டார்கள். வராத ஒருவருக்காகக் காத்திருக்கும் இரண்டு பேர் வேறென்ன செய்வார்கள்?

அந்த ஆடி மாதம்தான் கொன்ஸ்ரன்ஸ் வந்தாள். பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்தவள், கொட்டாஞ்சேனைக்காரி. கணிதத்தில் எப்போதும் அருந்ததியின் கொப்பியைப் பார்த்து எழுதியவள். இப்போது பி.ஏ. லண்டன், ஒரு பாடசாலையில் ஆசிரியை.

"அடியே, இனி லண்டன் சோதினை இல்லை. தேர்ஸ்டன் றோட்டிலை எங்கட சொந்த யூனிவர்சிட்டி திறந்திட்டாங்கள். உன்ர மாமிக்கு இனிப் போட்டியெண்ட கதையும் இல்லை. பள்ளிக்கூடத்து மதர் இன்னும் உன்னை விசாரிக்கிறா. உன்ர மெட்ரிக்குலேஷன் பேப்பரை அனுப்பினால் எடுப்பாங்கள். உனக்கென்ன வயசே போட்டுது?"

சிவபாதசுந்தரம் கந்தோர்க் கோட்டைக் கழற்றாமலே நின்று கேட்டார். "நீ போவன் பிள்ளை," என்றார் மெல்ல. இந்தமுறை அவர் எவரிடமும் கேட்கப் போகவில்லை.

அன்று முழுவதும் அவள் கை சமையலில் இருந்தாலும் மனம் தேர்ஸ்டன் வீதியில் நின்றது. பஸ்ஸில் போவதா, ரயிலில் போவதா என்றுகூட யோசித்துவிட்டாள்.

அடுத்த நாள் கடிதம் வந்தது. கொமேர்ஸும் சரிவரவில்லை, யுத்தத்தில் வகுப்புகள் சிதறிவிட்டன. பகலில் உணவுப் பங்கீட்டுக் கந்தோரில் வேலை, பாரிஸ்டர் படிப்புக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன் என்று எழுதியிருந்தார். தவணைதோறும் சட்ட விடுதியில் இத்தனை விருந்து சாப்பிட்டிருந்தால்தான் அதில் தேறலாம் என்றும் ஒரு வரி.

சிவக்கொழுந்து கதிரையில் இருந்துவிட்டார். "அங்கை மாட்டிறைச்சி வைப்பாங்களோ அண்ணை?" என்று மட்டும் கேட்டார். பிறகு முகத்தைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டார். மெலிந்த தோள்கள் குலுங்கின. அது இழைப்பா அழுகையா என்று தெரியவில்லை.

பின்னேரம் கொன்ஸ்ரன்ஸிடம் சொன்னபோது அவள் வாய்விட்டுச் சிரித்தாள். "சாப்பிட்டுப் பாஸ் பண்ணுற படிப்போ? ஐயோ, எனக்கு முதலே சொல்லியிருக்கலாமே!"

அருந்ததியும் சிரித்தாள். பிறகு சொன்னாள்: "நான் இப்ப வரேல்லையடி."

"ஏன்?"

"அவர் விழுந்துபோய்க் கிடக்கிறார். இந்த நேரம் நான் படிக்கப் போனால், குத்திக் காட்டுற மாதிரி இருக்கும். மாமி தாங்கமாட்டா."

"அவர் விழுந்தால் நீயும் பக்கத்திலை பாயைப் போட்டுப் படுக்கோணுமே?"

"அவர் முடிச்சு வரட்டும்."

யாரும் அன்று அவளை அப்படிச் சொல்லச் சொல்லவில்லை. ஐந்து வருடத்துக்கு முன் மாமி சொன்ன வார்த்தை, இப்போது அவள் வாயிலிருந்து தானாகவே வந்தது. கொன்ஸ்ரன்ஸ் குடையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். படலை வரை போனவள் திரும்பி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அந்த நேரம் பார்த்துக் கடற்கரை ரயில் இரைந்துகொண்டு போனது. கையை மட்டும் அசைத்துவிட்டுப் போய்விட்டாள்.

கதிர்காமநாதன் வந்திறங்கியது நாற்பத்தாறில், படைவீரர்கள் நிறைந்த ஒரு கப்பலில். பாரிஸ்டரும் ஆகவில்லை. முன்தலை வழுக்கை விழுந்திருந்தது. அந்த ஓவர்கோட் கையில் மடித்துக் கிடந்தது, முழங்கையில் தோல் வைத்துத் தைத்தபடி. கப்பலடியில் அவளைக் கண்டதும் என்ன சொல்வதென்று தெரியாமல், "குளிர்தான்," என்றார். அவளுக்கு அந்தப் பழைய நாலு வார்த்தை நினைவுக்கு வந்தது. அவருக்கும் அது நினைவிருந்ததே என்று ஆச்சரியப்பட்டாள். பட்டம் இல்லாவிட்டால் என்ன, உயிரோடு வந்தாரே என்று கொட்டாஞ்சேனைக் கோயிலில் தாலி கட்டி வைத்தார்கள். மறுநாள் பாண்காரன் கேட்டான். "ஆவா," என்றாள், வந்துவிட்டார் என்று. அவன் சந்தோஷத்தில் ஒரு பணிஸைச் சும்மா கொடுத்துவிட்டுப் போனான்.

ஒரு சனிக்கிழமை பின்னேரம் அவருடைய பெட்டியைக் குடைந்து உடுப்புகளை வெயிலில் போட்டுக்கொண்டிருந்தார்கள். அடியில் புத்தகங்கள். இரும்பு, கணக்கு, வங்கி, ஒப்பந்தச் சட்டம். ஒரு தடித்த நீல மட்டைப் புத்தகத்தைத் தூக்கிக் காட்டினார்.

"இஞ்சை பாரும். என்னை முதன்முதல் விழுத்தினது இதுதான்."

உயர்கணிதம். அருந்ததி கையைச் சேலையில் துடைத்துவிட்டு வாங்கினாள். முதலாம் பக்கம் பழைய சிநேகிதியைக் கண்டதுபோல் இருந்தது. இரண்டாம் பக்கத்தில் ஒவ்வொரு வரியாக நின்று நின்று போனாள். மூன்றாம் பக்கத்தில் வழி தப்பியது. திரும்பவும் முதலிலிருந்து வந்து பார்த்தாள், மறுபடியும் அந்த இடத்தில்தான் தப்பியது.

"உமக்கு விளங்குதே?" என்று கேட்டார் அவர், உண்மையான ஆவலோடு.

"முந்தி விளங்கியிருக்கும்."

அவர் பெட்டியை விட்டு அவள் பக்கம் திரும்பினார். "நீர் கணக்கிலை விண்ணி, பெரிய கெட்டிக்காரி எண்டு எழுத்தண்டைக்கு உம்மட அப்பா சொன்னவர். நான் அங்கை இருந்து எத்தினை நாள் யோசிச்சனான், மனுசி இந்நேரம் பட்டம் எடுத்திருக்கும், எனக்கு எழுத வெக்கப்படுகுதாக்கும் எண்டு. நீர் ஏன் படிக்கேல்லை?"

"நீங்கள் முடிச்சு வரட்டும் எண்டு."

"ஆர் சொன்னது? நானோ?"

அருந்ததி புத்தகத்தை மூடினாள்.

"நான் ஒருநாளும் அப்பிடிச் சொல்லேல்லையே! அங்கை என்னோடை படிச்சதிலை பாதிப்பேர் பொம்பிளையள். ஒருக்காக் கேட்டிருக்கலாமே நீர். ஒரு வரி எழுதியிருந்தால், நான் அம்மாவுக்குத் தந்தியே அடிச்சிருப்பன்."

உள்ளறையில் மெஷின் சத்தம் நின்றது. சிவக்கொழுந்து கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "நான் மூண்டு வருஷம் எண்டுதானே மேனே நினைச்சன்," என்றார். பிறகு மருமகளைப் பார்க்காமல் போய் மெஷினில் இருந்தார். ஆனால் மிதிக்கவில்லை.

யார்மேலாவது கோபப்பட்டால் ஆறுதலாக இருக்கும் என்று அருந்ததிக்குப் பட்டது. மாமியைப் பார்த்தால் பாவமாக இருந்தது. அப்பா "போவன் பிள்ளை" என்று சொன்னவர். இந்த மனுசனோ, கேட்டிருந்தால் தந்தி அடித்திருப்பார், அதுவும் உண்மைதான், முகத்தைப் பார்க்கவே தெரிந்தது. ஒரு வரி. இழைப்பையும் ஊறுகாயையும் எழுதிய பேனையால் இதையும் எழுத எவ்வளவு மை போயிருக்கும்?

"இப்பவும் ஒண்டும் பிந்திப்போகேல்லை," என்றார் கதிர்காமநாதன். "வேணுமெண்டால் திங்கட்கிழமை போய் விசாரிப்பமே?"

திங்கட்கிழமை அவர் ஒரு கொம்பனியில் வேலை கேட்டுப் போகவேண்டும். மாமிக்கு மருந்து எடுக்கவேண்டும். அந்தப் புத்தகத்தின் மூன்றாம் பக்கமும் இருந்தது.

"பாப்பம்," என்றாள் அருந்ததி.

அந்த வீட்டில் ஒன்றைத் தள்ளிப்போடத்தான் அந்தச் சொல்லைச் சொல்வார்கள் என்பது அவருக்கு இன்னும் பழகவில்லை. சரி என்று தலையாட்டிவிட்டு மற்றப் புத்தகங்களைத் திரும்பப் பெட்டியில் அடுக்கினார்.

நீலப் புத்தகத்தை அவள் பெட்டியில் வைக்கவில்லை. மண்ணிறத் தாளில் உறை போட்டு, குசினித் தட்டில் தேயிலைப் பேணிக்குப் பக்கத்தில் நிறுத்தினாள். அங்கே ஏன் வைத்தாய் என்று எவராவது கேட்டால், பெட்டிக்குள் கிடந்தால் பூச்சி அரித்துவிடும் என்று சொல்ல இருந்தாள்.

ஒருவரும் கேட்கவில்லை.