பெரிய ஆலைக்கு ஆள் எடுக்கிறார்கள்

காலை 6.10, டி. கல்லுப்பட்டி. கப்பலூருக்கு பஸ் டிக்கெட் இருபது ரூபாய். நாட்டின் எண்ணெய்ச் சுத்திகரிப்புத் திறன் பெருகுவதைப் பற்றி எழுத வந்தவன், ஆலைகள் இருக்கும் கடலோரம் போகாமல் இந்தக் கரிசல் காட்டில் என்ன செய்கிறான் என்று கேட்பீர்கள். ஆலைக் குழாய்களை ஒட்டவைக்கிற கைகளில் பல இந்த ஊர்களிலிருந்துதான் போகின்றன.

பக்கத்து இருக்கையில் முனியாண்டி, வயது நாற்பத்தெட்டு. நாகப்பட்டினம் பக்கம் இருந்த சிறிய ஆலையில் பதினாறு வருடம் வெல்டர். பெரிதாகக் கட்டுவதற்காக அதை இடித்துவிட்டார்கள். பிறகு ஊரில் கிரில் கேட் வேலைதான். புதிய ஆலைக்கு ஆள் எடுக்கும் ஒப்பந்தக்காரர் கப்பலூர்ப் பட்டறை ஒன்றில் இன்று தேர்வு வைக்கிறார்.

"கண்ணு முன்ன மாதிரி இல்லண்ணே. இன்னைக்கு விட்டா இனி கூப்பிட மாட்டாய்ங்க. மக இப்பத்தான் காலேஜ்ல சேந்துருக்கா" என்றார்.

8.30, பட்டறை. சாய்த்து நிறுத்திய குழாயைச் சுற்றி முனியாண்டி குனிந்தும் மல்லாந்தும் ஒட்டினார். கண்ணில் நீர் கொட்டியது. முடித்ததும் எண் அச்சுகளை எடுத்துச் சுத்தியலால் குழாயில் பதித்தார். நாளைக்குக் கசிந்தால் யார் செய்தது என்று தெரிய, வெல்டர்கள் தங்களுக்குக் கொடுத்த எண்ணை இப்படிப் பதிக்க வேண்டும்.

பிற்பகல் 3.00. எக்ஸ்ரே பார்த்துவிட்டு இளம் சூப்பர்வைசர் வந்தார். "ஜாயின்ட் சுத்தம்ணே. ஆனா உங்களுக்குக் குடுத்த நம்பர் பதினேழு. நாப்பத்து மூணுன்னு அடிச்சிருக்கீங்க?"

முனியாண்டி குழாயைக் குனிந்து பார்த்தார். "பழைய ஆலையில என் நம்பர் சார். கைப்பழக்கத்துல அடிச்சுட்டேன்."

என் பக்கம் திரும்பினார். "எம்புட்டு ஜாயின்ட்ல இந்த நம்பர் கெடந்துச்சு தெரியுமாண்ணே? இடிக்கையில என்னையத்தான் கூப்பிட்டாய்ங்க. அம்புட்டையும் நானே அறுத்துப் போட்டேன்."

எண் மாறினால் தேர்வு செல்லாது. மறுபடி ஒட்ட அந்தக் கண் தாங்காது என்பது மூவருக்கும் தெரிந்தது. சூப்பர்வைசர் கிரைண்டரை எடுத்து நீட்டினார்.

"தேச்சு எடுத்துட்டுப் பதினேழு அடிங்க. வேலை உங்களுக்குத்தான்."

முனியாண்டி கிரைண்டரை வாங்கித் தேய்த்தார். நிறுத்தி, கட்டைவிரலால் தடவிப் பார்த்து, மறுபடி தேய்த்தார். அந்த எண் இனி எந்தக் குழாயிலும் இல்லை.